பதிவேட்டில் இல்லாத படம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12 மே 2002

தம்பி இளஞ்செழியனுக்கு,

அண்ணன் ஜானகிராமன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. எனக்கு எப்போதும் உள்ள குறைகள்தான். நீயும் ஹேமலதாவும் சுகம் என்று ஆதிலட்சுமி சொன்னாள். தங்கச்சிக்கு மட்டும் வாரம் தவறாமல் போன் செய்கிறாயாம். நல்லது.

மும்பையில் நுரையீரல் அறுவை சிகிச்சைப் படிப்பை முடிக்கிறாய் என்றும், நம் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி உன்னைக் கூப்பிடுகிறது என்றும், வந்தால் நம் வீட்டு மாடி அறையில் அம்மாவோடு இருக்க ஆசைப்படுகிறாய் என்றும் அவள்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. "சின்னவன் வரான்டா. மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லு. அந்த எக்ஸ்ரே மூஞ்ச வெச்சிக்கினு நிக்காத" என்கிறாள்.

நான் ஆள் சொல்லவில்லை. காரணம் உனக்குத் தெரியும். தெரியாததுபோல நீ இருப்பதால் எழுதுகிறேன். 1993இல் அப்பா இரத்தமாய்த் துப்பியபோது, சென்னையில் ஒரு சர்ஜன் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்துப் பார்க்கலாம் என்றார். நீ அப்போது பயிற்சி முடிக்காத அரை டாக்டர். "வேணாம், வூட்டுக்கு இட்டுக்கினு போயிடலாம்" என்று ஒரே பிடியாக நின்றாய். அப்பாவும் உன் பேச்சைத்தான் கேட்டார். நாலு மாதம். அந்த நாலு மாதமும் அவரைத் தூக்கி உட்கார வைத்தவன் நான். மேரி கட்டடத்து நகராட்சி ஆபீஸில் வரிசையில் நின்று அவர் சாவைப் பதிந்தவனும் நான்.

அப்பாவைத் திறக்காதே என்றவன், அதற்கப்புறம் ஊரார் நெஞ்சையெல்லாம் திறக்கப் படித்திருக்கிறாய். ஆகவே இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு வெட்டியிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். போனில் பேசியதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உன் பதிலைப் பார்த்துவிட்டு மாடிச் சாவியைத் தருவதா என்று முடிவு செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜானகிராமன்


மும்பை
2 ஜூன் 2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். நாங்கள் நலம். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. அம்மா மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச் சொல்லில் பதில் கேட்கிறீர்கள். என் படிப்பு அதற்கு விடவில்லை அண்ணா. முதல் வருஷம் முழுக்க விலா எலும்புகளை விரித்துப் பிடிக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வருஷம் திறக்கவும் மூடவும் விட்டார்கள். கட்டியை எடுத்தபின் நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றி, நுரையீரலுக்குக் காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். சைக்கிள் டியூபை வாளியில் முக்கி அப்பா பார்ப்பாரே, அதேதான். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் நினைவுதான்.

ஆனால் கத்தியைவிடக் கஷ்டமான படிப்பு, யாரை வெட்டக் கூடாது என்பது. நுரையீரல் புற்றோடு ஐம்பது பேர் வந்தால் ஏழெட்டுப் பேருக்குத்தான் வெட்டிப் பலன் உண்டு. மற்றவர்கள் பிந்தி வருகிறார்கள். காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை தின்றுவிட்டு வருகிறார்கள். எங்கள் பேராசிரியர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே "பழைய படம் எங்கே?" என்பார். வேறு எதற்காகவோ எடுத்து, பரணில் போட்டு மறந்த எக்ஸ்ரேயாக இருந்தாலும் கொண்டுவரச் சொல்வார். நிழல் எப்போது வந்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது அதில்தான் தெரியும்.

அப்பாவின் கட்டி நடு நெஞ்சுக்குப் பரவிவிட்டது என்று அன்று என் ஆசிரியர்கள் சொன்னார்கள். அதை நம்பித்தான் வேண்டாம் என்றேன். இன்றைய கண்ணால் பார்த்தால் என்ன சொல்வேனோ, படம் இல்லாமல் தெரியாது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.
அன்புத் தம்பி
இளஞ்செழியன்


புதுச்சேரி
14 ஜூன் 2002

தம்பிக்கு,

அம்மா சுகம். படம் இல்லாமல் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாய். உன் அண்ணனின் தொழிலை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அப்பாவின் படம் ஒவ்வொன்றும் என் பீரோவில் இருக்கிறது. நாலு படங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒன்று 1988இல் அப்பாவின் பஞ்சு மில்லில் எடுத்தது. அடுத்தது 1991இல் நான் எடுத்தது. மற்ற இரண்டும் 93இல் எடுத்தவை. அவற்றில் இடது மேல்பக்கம் கட்டி எலுமிச்சை அளவுக்கு நிற்கிறது. 91 படத்தை நன்றாகப் பார். அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கே நான் பார்த்தேன். சுத்தமான நெஞ்சு. அதாவது நோய் 91க்குப் பிறகுதான் வந்திருக்கிறது. புதுசாய் வந்த நோயை வெட்டி எடுத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இருபத்தைந்து வருஷமாக இந்த நர்சிங் ஹோமின் எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன். புதிதாக வரும் டாக்டர்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுகிறவன் நான். பி.எஸ்ஸியில் முதல் வகுப்பு வாங்கியவனை, வேலைக்குப் போடா என்று இருட்டறைக்குள் தள்ளினார்கள். உன்னை மேலே படி என்றார்கள். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. படம் பார்க்க எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பார்த்துவிட்டு எழுது. படங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

ஜானகிராமன்


புதுச்சேரி
20 ஜூலை 2002

இளஞ்செழியனுக்கு,

படங்கள் உன் கைக்கு வந்ததற்கான அட்டை ஜூன் 24ஆம் தேதிக் கையெழுத்தோடு எனக்கு வந்துவிட்டது. நாலு படம் பார்க்க நாலு வாரமா? உன் பேராசிரியர் இப்படித்தான் கற்றுக்கொடுத்தாரா?

அம்மா தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். அவருக்கே அலுத்துவிட்டது. "அம்மா, ஒங்க புள்ள எழுதுனா நான் ஓடியாந்து குடுப்பேன். சும்மா என்ன மடக்காதீங்க" என்கிறார்.

இங்கே எல்லாரும் சுகம். உன் மௌனத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

ஜானகிராமன்


மும்பை
25 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே விடாத மழை. ஹேமலதாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

படங்களைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. 1993இல் அறுவை செய்திருக்கலாம். செய்திருந்தால் அப்பா இன்னும் சில வருஷம் இருந்திருப்பார். அன்று எனக்குப் போதிய அறிவு இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலப் பேசி உங்களையெல்லாம் தடுத்தேன். தவறு என்னுடையது. என்னுடையது மட்டும்தான்.

அப்பாவின் நினைவு நாள் இந்த மாதம் என்று தெரியும். எனக்காகவும் கும்பிட்டுக்கொள்ளுங்கள். படங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இளஞ்செழியன்


புதுச்சேரி
18 செப்டம்பர் 2002

தம்பிக்கு,

உன் கடிதம் சரியாக அப்பாவின் படையலன்று காலை வந்தது. அம்மா வழக்கம்போல இலையில் வடை, பாயசத்தோடு ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் வைத்திருந்தாள். வருஷா வருஷம் வைக்கிறாள். உன் படிப்பு அதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். போய் அவளிடம் சொல், பார்க்கலாம்.

ஆதிலட்சுமியும் அவள் வீட்டுக்காரர் சந்திரமோகனும் வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

"ஏண்ணா, எலை போட்டிருக்கற நேரத்துல இது தேவையா?" என்றாள் ஆதிலட்சுமி.

சந்திரமோகன் உனக்குப் பரிந்து பேசினார். "மாப்ள அவ்ளோ பெரிய டாக்டரு. தப்ப ஒத்துக்கினு எழுதறாரு. எவன் எழுதுவான் மச்சான்?"

அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். "தவறு என்னுடையது" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் சின்னவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிக்கினே கெடந்தாருடா" என்றாள். "இனிமே அவன் என் எதிர்ல வரக் கூடாது. நான் செத்தா சேதிகூட அனுப்பாத."

உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். ஒன்பது வருஷம் நான் காத்திருந்தது இந்த நாளுக்குத்தான். வாயில் எதுவும் ருசிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ எப்படியும் ஊகிப்பாய்.

ஒரு விஷயம். வந்தவை மூன்று படங்கள்தான். 91 படம் இல்லை. அதை அனுப்பு.

ஜானகிராமன்


மும்பை
10 அக்டோபர் 2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலம் என்று நம்புகிறேன். ஆதிலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கோபம் நியாயம்தான். அவளிடம் என் சார்பில் எதையும் பேச வேண்டாம்.

புதுச்சேரி வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இப்போது நானே தலைமையேற்று அறுவை செய்கிறேன். போன வாரம் நாசிக் பக்கத்து விவசாயி ஒருவருக்கு வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தோம். ஐந்தாம் நாள் தானே நடந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

அந்தப் படம் வீடு மாற்றியபோது எங்கோ தவறிவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. அதில் ஒன்றும் இல்லைதானே அண்ணா. விட்டுவிடுங்கள்.

மழைக்காலம் வருகிறது. அம்மாவுக்கு ஈரம் ஆகாது.

இளஞ்செழியன்


மும்பை
4 நவம்பர் 2002

மாமா அவர்களுக்கு,

ஹேமலதா வணக்கத்துடன் எழுதுவது. இதுவரை உங்களுக்கு நான் எழுதியதில்லை. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது?

நாங்கள் வீடு எதுவும் மாற்றவில்லை. படம் தொலையவும் இல்லை. உங்கள் தபால் வந்த நாள்முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். "யாருது?" என்று கேட்டேன். "அப்பாவோடது" என்றார். "என்னா தெரியுது?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லாததை யாராவது நாலு மாதம் பார்ப்பார்களா?

பென்சிலால் ஓர் இடத்தில் வட்டம் போட்டு, பிறகு அழித்திருக்கிறார். சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பார்கள். அவருக்குச் சொல்லாமல் இதை அனுப்புகிறேன். கனகசெட்டிக்குளத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்தால்கூட இனி மாமியார் வீட்டுப் பக்கம் போக முடியாது என்கிற நிலை எனக்கு. அது எதனால் என்று தெரிந்துகொள்ள எனக்கும் உரிமை இருக்கிறது இல்லையா மாமா?

ஹேமலதா


புதுச்சேரி
1 டிசம்பர் 2002

தம்பி இளஞ்செழியனுக்கு,

அம்மா சுகம். ஹேமலதாவைக் கோபிக்காதே. படம் வந்து மூன்று வாரம் ஆகிறது.

பென்சில் தடம் எனக்குத் தேவைப்படவில்லை. விளக்குப் பெட்டியில் வைத்தவுடன் தெரிந்தது. இடது காறை எலும்பு, முதலாவது விலா எலும்பின் மேல் குறுக்கே விழும் இடம். எட்டணா அளவு. எலும்பின் வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை. இப்போது அந்தப் படத்தில் எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மில் ஷிப்டு முடிந்து, புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க நேராக என் அறைக்கு வந்தார். "இருமல் வுட மாட்டேங்குது ஜானகி. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடேன்" என்றார். நான்தான் "டாக்டர் எதுக்குப்பா, நானே புடிச்சிப் பாத்துடறேன்" என்றேன். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆட்களுக்கு எடுக்கிற படத்தைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். ஏற்றிய படங்கள் சாயங்காலம் டாக்டர் மேசைக்குப் போகும், அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். ஏற்றாத படத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் மட்டும்தான்.

"மூச்ச இழு, நிறுத்து" என்றேன். பொத்தானை அழுத்தும்போது முன்னறையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டேன். "வுடு" என்று சொல்ல மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் அப்பா முகம் சிவந்து, கண் பிதுங்க, மூச்சை அடக்கிக்கொண்டு பலகையைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். "நீ வுடச் சொல்லலியேடா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் ஓயவில்லை.

கழுவிய படத்தை நீர் சொட்டச் சொட்ட ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும் நேரம், அவ்வளவுதான் பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா, பஞ்சுதான். பீடிய கொறை" என்றேன். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பிறகு ஆதிலட்சுமி எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "எம் பெரிய புள்ள படம் புடிச்சிப் பாத்துட்டான்" என்பார். இரண்டு வருஷம் என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே எங்கும் போகாமல் இருந்தார்.

93இல் நீ சொன்னது சரி. மற்ற படங்களையும் மறுபடி பார்த்தேன். நடு நெஞ்சு அடைத்துக்கிடக்கிறது. வெட்டியிருந்தால் மேசையிலேயே போயிருப்பார். 91இல் வெட்டியிருக்கலாம். அதை எழுதாமல், வேறொன்றை எழுதினாய்.

இப்போது படம் எடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் "வுடு" என்பதை மூன்று தடவை சொல்கிறேன். "வுட்டுட்டேன் சார், எத்தினி வாட்டி வுடறது?" என்று சிரிக்கிறார்கள். கதவை மூடியபின் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒருவர் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோலவே இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். பகல் பதினோரு மணிக்கு, வெளியே ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்கிறேன்.

ஏன் பொய் எழுதினாய்?

அண்ணன்


மும்பை
15 டிசம்பர் 2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹேமலதா சொல்லிவிட்டாள். அவளிடம் நான் கோபப்படவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அது எல்லாருக்கும் தப்புகிற இடம் அண்ணா. எங்களுக்குப் பயிற்சியில் பழைய படங்களைக் குவித்துவைத்துத் தேடச் சொல்வார்கள். மூன்று வருஷம் அடி வாங்கிய பிறகுதான் என் கண் முதலில் அந்த எலும்புக்குப் பின்னால் போகப் பழகியது. அன்றைக்கு உங்கள் டாக்டர் பார்த்திருந்தாலும் விட்டிருப்பார்.

ஏன் எழுதினேன் என்கிறீர்கள். அம்மா உங்கள் கையால்தான் மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளையை அவளால் வெறுக்க முடியும். வீட்டில் இருப்பவனை வெறுத்துவிட்டு யாரிடம் தண்ணீர் கேட்பாள்? இரண்டு மாதம் யோசித்துத்தான் எழுதினேன். நீங்கள் அதை அவளிடம் படித்துக் காட்டுவீர்கள் என்றும் தெரியும். உங்களை எனக்குத் தெரியாதா?

சில சமயம் நெஞ்சைத் திறந்தபின், எடுக்க முடியாது என்று தெரிந்துவிடும். எதையும் தொடாமல் அப்படியே மூடிவிடுவோம். எங்கள் தொழிலில் கற்கக் கடினமானது அதுதான். நீங்களும் மூடிவிடுங்கள் அண்ணா. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இளஞ்செழியன்


புதுச்சேரி
5 ஜனவரி 2003

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு உடம்பு தேவலை. நீ வேண்டாம் என்றாய். சொல்லிவிட்டேன்.

டாக்டரும் விட்டிருப்பார் என்கிறாய். இருக்கலாம். ஆனால் அவரிடம் காட்டாமல் இருந்தது நான். ஒரு முறை, ஒரே ஒரு முறை, என்னையும் டாக்டராக நினைத்துக்கொள்ள அப்பாவின் நெஞ்சுதான் கிடைத்தது எனக்கு.

காலையில் வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி சங்கரா மீன் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, தொண்ணூத்தொண்ணுலயே அப்பாவுக்கு நோவு இருந்திருக்கு. நான் புடிச்ச படத்துல தெரியுது. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

கை நிற்கவில்லை. "யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? நோவு கண்டுபுடிக்கறது டாக்டரு வேலைடா. படம் புடிக்கறவன் என்னா பண்ணுவான்? கல்யாணம் நெலைக்கலன்னா போட்டோக்காரனயா போய்க் கேப்பாங்க?"

நான் வெறும் படம் பிடிப்பவன்தான் என்று என் வாழ்நாள் முழுக்க யாரிடமும் ஒப்புக்கொள்ளாததை, என் விடுதலையாக என் கையில் கொடுத்தாள்.

"தம்பி எழுதுனது பொய்ம்மா. என்ன காப்பாத்தறதுக்கு எழுதிட்டான்."

"ஒன்பது வருசம் நீ அவன் மூஞ்சப் பாத்துப் பேசல. ஒன்ன காப்பாத்த அவன் பொய் சொல்றானாம்!" என்று சிரித்தாள். பிறகு என்னையே பார்த்தாள். "தம்பிய வூட்டுக்குள்ள கொண்டாரணும்னு இப்டி ஒரு கதை கட்டற. ஒனக்கு இம்மாம் மனசு இருக்குதுன்னு நான் நெனைக்கலடா ஜானகி."

அன்று சோற்றில் மீன் தலையை எனக்கு வைத்தாள். அது அப்பாவின் துண்டு. அவர் போனதிலிருந்து அதைக் குழம்பிலேயே விட்டுவிடுவாள், யாருக்கும் வைக்க மாட்டாள். என்னால் விழுங்க முடியவில்லை. அவள் விசிறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வா. டாக்டராக வந்து அவளிடம் சொல். நான் சொன்னால் நல்லவனாகிவிடுகிறேன். தினமும் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவனாக்குகிறாள். இதைத் தாங்க என்னால் முடியவில்லை.

அண்ணன்


புதுச்சேரி
24 பிப்ரவரி 2003

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாய் மும்பை போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். ஹேமலதாவைக் கேட்டதாகச் சொல்.

நீ போனபின் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெயிலில் வாசலில் நின்றுகொண்டு, சாத்திய கதவைப் பார்த்து நீ பேசியதை நம் தெருவே கேட்டது. "நான் எழுதுனது பொய்ம்மா. அண்ணன் சொல்றதுதான் நெசம்" என்றாய். உள்ளேயிருந்து அவள், "அன்னிக்கி எழுதுனதும் நீதான், இன்னிக்கி சொல்றதும் நீதான். எதுடா நெசம்?" என்றாள். எதிர்வீட்டு செல்வாம்பாள் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உன்னோடு பேருந்து நிலையம் வரை வந்தேன். அப்பா செத்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை.

நான் திரும்பி வந்தபோது அம்மா கதவைத் திறந்துவைத்து, நீ நின்ற படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"எளைச்சிட்டானாடா?" என்றாள்.

"வெளிய வந்து நீயே பாத்திருக்கலாமேம்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ பாத்தல்ல?"

பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிரெதிரே நின்றோம். கன்னம் ஒட்டியிருப்பதுபோல இருந்தது. வெயிலில் அப்படித் தெரிந்திருக்கலாம் என்றும் இருந்தது. உன் கழுத்துக்குக் கீழே அந்த எலும்பு துருத்திக்கொண்டிருந்தது; முன்பும் அப்படித்தானா என்று எனக்கு நினைவில்லை. நல்லாத்தான் இருக்கான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒருவரைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும் துணிவு என்னிடம் இனி இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

இத்தனை வயதில் அவளிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, என்னைப் பற்றி அவள் கண்ணிலிருந்த அந்தப் பெருமை மெதுவாக இறங்கியதை மட்டும் பார்த்தேன். அன்று சோற்றை நானே போட்டுக்கொண்டேன்.

இலையை எடுக்கும்போது, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அடுத்த மாசம் வரச் சொல்லு. நானே பாத்துக்கறேன்."

எந்தத் தேதி என்று எழுது.

அண்ணன்
ஜானகிராமன்